உலோகத்தைக் குளிர் கடினமாக்குமா?

தாராவியில் தைக்கப்படும் இடைவார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தோலும் பித்தளைப் பக்கிளும் மட்டுமே கண்ணில் படும். அவ்வாரை உருவாக்கிய உலோகங்கள் வேறு சிலவும் உண்டு. தோலைச் சீவிய கத்தி எஃகினால் ஆனது. பித்தளைத் தகட்டை வெட்டிக் கொடுத்த அச்சு மற்றொரு வகை எஃகு. சில சந்துகள் தள்ளிச் சென்றால், பழைய பாத்திரங்களும் வண்டி உறுப்புகளும் உருக்கப்பட்டு அலுமினியப் பாளங்களாக வார்க்கப்படுவதைக் காணலாம். மும்பையின் மாஹிம், சயான் ரயில் நிலையங்களுக்கு இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பில், உலோகவியல் பாடநூலின் பல அத்தியாயங்கள் அன்றாடம் நடைமுறையில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன.

இத்தகைய பட்டறைகளில் எழும் கேள்விகளுள் ஒன்று, உலோகத்தைக் கடுங்குளிரில் வைத்தெடுத்தால் அது கடினமாகிவிடுமா என்பதாகும். பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்த கருவிகள் நீடித்து உழைக்கும் என்று வணிகர்கள் விளம்பரம் செய்கின்றனர். அச்சிகிச்சைக்குப் பணம் செலவிடலாமா என்று சிறு பட்டறைக்காரர் களப் பணியாளரைக் கேட்கிறார். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளை நீரில் தோய்ப்பதைக் கண்ட மாணவன், குளிர்ந்தால் உலோகம் கெட்டியாகும் என்று தானே முடிவு செய்துகொண்டு, அதை ஆசிரியரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறான். இருவருக்கும் ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆயினும் அவ்வாறு அளிக்கப்படும் விடை, ஆம் என்பதாயினும் இல்லை என்பதாயினும், பாதி நேரம் பிழையாகவே முடியும்.

கொல்லர் அறிந்த தோய்ச்சல்

முதலில் எஃகை எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஏறத்தாழ 0.8 பங்கு கரி கலந்த எஃகை 780 டிகிரி அளவுக்குக் காய்ச்சும்போது, இரும்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறுகிறது. அப்புதிய அடுக்கில் கரி அணுக்கள் எளிதில் கரைந்து இடம்பெறுகின்றன. இவ்வெஃகு மெல்ல ஆறினால், கரி பிரிந்து வெளியேறப் போதிய அவகாசம் கிடைக்கிறது, எஃகும் மிருதுவாகிறது. திடீரென்று நீரில் தோய்த்தால் அவகாசம் கிடைப்பதில்லை. வெளியேற இயலாத கரி, இரும்பின் அடுக்குக்குள் சிறைப்பட்டு அதை இறுக்கமுறச் செய்கிறது. இவ்வாறு உண்டாகும் மிகக் கடினமான அமைப்புக்கு, ஜெர்மானிய உலோகவியல் அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்பவரின் பெயரால் மார்ட்டென்சைட் என்ற பெயர் வழங்குகிறது.

இங்கே நீர் எஃகுக்கு அளித்தது குளிர்ச்சியைவிட வேகமேயாகும். மே மாதத்து மும்பை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியாக இருப்பினும் தோய்ச்சல் பலிக்கிறது. காய்ச்சாத அரிவாளை இரவு முழுவதும் பனிக்கட்டியில் புதைத்து வைத்தாலும் அதன் முனை சிறிதும் கடினமாவதில்லை. தீ முதலில் ஆயத்தம் செய்திராத எஃகில் குளிருக்குச் செய்ய வேலை இல்லை.

எனினும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. கரியின் அளவு நூற்றுக்கு 0.6 பங்கைக் கடந்த எஃகுகளில், மேற்கூறிய மாற்றம் சாதாரண உஷ்ணநிலையில் முற்றுப்பெறுவதில்லை. பழைய மிருதுவான அமைப்பின் ஒரு பகுதி மாறாமல் எஞ்சி நிற்கிறது. கரி 1.5 பங்கும் குரோமியம் 12 பங்கும் கொண்ட அச்சு எஃகு போன்றவற்றில் இவ்வெச்சம் கணிசமாகவே இருக்கும். அவ்வெஃகைத் தோய்த்த பின் தாமதமின்றி, உலர் பனிக்கட்டியின் உதவியால் பூஜ்யத்திற்குக் கீழ் 78 டிகிரிக்கோ, திரவ நைட்ரஜனின் உதவியால் இன்னும் தாழ்ந்த நிலைக்கோ கொண்டுசென்றால், நின்றுபோன மாற்றம் மேலும் தொடர்கிறது. கடினம் ராக்வெல் அளவையில் பெரும்பாலும் ஓரிரு அலகுகளே உயரும். தேய்மானம் குறைதலும் அளவு மாறாத் தன்மையுமே இதனால் கிடைக்கும் முக்கியப் பயன்கள். துல்லிய அளவுகருவிகள், பேரிங்குகள், வெட்டச்சுகள் ஆகியவற்றைக் குளிர்ச் சிகிச்சைக்கு உட்படுத்துவது இக்காரணம் பற்றியே. புதிதாகத் தோன்றிய மார்ட்டென்சைட் எளிதில் வெடிக்கக்கூடியதாதலால், பின்னர் 200 டிகிரி அளவில் மீண்டும் பதப்படுத்துதல் இன்றியமையாதது. தீயும் நீரும் தொடங்கிவைத்ததைக் குளிர் முடித்துவைக்கிறது என்பதே இதன் சாரம்.

பித்தளைக்கு வேண்டியது சுத்தியல்

பக்கிளின் நிலை வேறு. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளையில், உருகும் உஷ்ணநிலைக்குக் கீழே அணு அடுக்கு ஒரே வகையாகவே இருந்துவருகிறது. எஃகில் நிகழும் மாற்றம் இதில் நிகழ்வதில்லை. ஆகவே குளிர் முடித்துவைக்க வேண்டிய வேலை எதுவும் இதில் மீதமில்லை. காய்ச்சிய பித்தளையை நீரில் தோய்த்தாலும் காற்றில் ஆறவிட்டாலும் அது மிருதுவாகவே இருக்கும். நீரில் தோய்ப்பதால் மேலே படிந்த கருமை ஓரளவு உதிரும், வேலைக்காரருக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும், அவ்வளவே.

பித்தளையைக் கடினமாக்குவது அடியும் அழுத்தமும் ஆகும். சுத்தியலாலோ உருளையாலோ நசுக்கும்போது, படிகங்களுக்குள் உள்ள அணு வரிசைகளின் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மேற்கொண்டு வளைவதற்கு அச்சிக்கலே தடையாகிறது. விக்கர்ஸ் அளவையில் 60, 70 என்றிருந்த கடினம் இம்முறையால் 150க்கும் மேலே செல்லும். திரவ நைட்ரஜனில் அமிழ்ந்திருக்கும் வரை பித்தளையின் வலிமை கூடியிருப்பது உண்மையே. வெளியே எடுத்துப் பழைய உஷ்ணநிலைக்கு வந்ததும் அவ்வலிமையும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. குளிரில் இருக்கும்போது கடினமாயிருத்தல் ஒன்று. குளிரிலிருந்து வந்த பின்னும் கடினமாயிருத்தல் மற்றொன்று. விளம்பரங்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. பித்தளை இசைக்கருவிகளைக் கடுங்குளிரில் வைத்தெடுத்தால் நாதம் மேம்படும் என்ற கருத்து மேல்நாடுகளில் பரவியிருந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், குளிரூட்டிய டிரம்பெட்டுகளையும் குளிரூட்டாதவற்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு புலப்படவில்லை.

பித்தளையில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. அழுத்தி இழுத்து உருவாக்கிய உறைகளுக்குள் எஞ்சிநின்ற உள்ளிறுக்கமும், குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அம்மோனியா வாயுவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை 1921ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி விளக்கிற்று. 250 முதல் 300 டிகிரி வரையுள்ள இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்தால், பெற்ற கடினத்தைப் பெரும்பாலும் இழக்காமலே உள்ளிறுக்கத்தைத் தணிக்கலாம். மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பி வழியும் சந்துகளில், அடித்து உருவாக்கிய பித்தளைப் பொருளைச் சேமித்து வைப்பவருக்கு இச்செய்தி நேரடியாகப் பயன்படும். இங்கே மருந்தாவது சிறு சூடேயன்றிக் குளிர் அன்று.

அலுமினியத்தில் தலைகீழான பாடம்

அலுமினியத்திற்கு வரும்போது கேள்வி முற்றிலும் தலைகீழாகிறது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வில்ம், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி நீரில் தோய்த்தார். எஃகைப் போல உடனே கடினமாகும் என்று எதிர்பார்த்திருந்தால் அவர் ஏமாந்திருப்பார். தோய்த்த உலோகம் மிருதுவாகவே இருந்தது. சில நாட்கள் சென்றபின் மீண்டும் அளந்தபோது, யாரும் தொடாமல் மேசைமேல் கிடந்த அதே துண்டு வெகுவாகக் கடினமடைந்திருந்தது. இக்கண்டுபிடிப்பிலிருந்து தோன்றியதே விமானங்களுக்கு உடலளித்த டூராலுமின். கரைந்து நின்ற செம்பு அணுக்கள் மெல்ல மெல்ல நுண்ணிய திரள்களாகக் கூடுவதே கடினத்திற்குக் காரணம் என்பதைப் பிரான்சில் கினியேயும் பிரிட்டனில் பிரெஸ்டனும் எக்ஸ்-கதிர்களின் உதவியால் 1938ஆம் ஆண்டில் தனித்தனியே நிறுவினர்.

விமானத் தொழிற்சாலைகளில், தோய்த்தெடுத்த டூராலுமின் ரிவெட்டுகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, அடிக்கும் நேரத்தில் வெளியே எடுப்பார்கள். அவை கடினமாக வேண்டும் என்பதற்காக அவ்வாறு வைப்பதில்லை. கடினமாகிவிடக் கூடாது என்பதற்காகவே வைக்கிறார்கள். அணுக்கள் நகர்ந்து கூடுவதற்குச் சிறிது உஷ்ணம் தேவை; குளிர் அந்நகர்ச்சியைத் தடுத்து உலோகத்தை மிருதுவாகவே காக்கிறது. எஃகில் கடினத்தை நிறைவு செய்த அதே குளிர், அலுமினியத்தில் கடினத்தைத் தள்ளிப்போடுகிறது. குளிர்ச்சி கடினமாக்கும் என்ற பொதுவிதியை மறுக்க இவ்வொரு சான்றே போதுமானது.

தாராவியின் பாளங்களுக்கு இப்பாடம் எவ்வாறு பொருந்தும்? பானக் குவளையின் அலுமினியத்தில் மாங்கனீசும் மக்னீசியமும் உண்டு; அது காய்ச்சித் தோய்ப்பதால் கடினமாகும் இனமன்று. சமையல் பாத்திரம் ஏறக்குறையத் தூய அலுமினியம். எஞ்சின் உறுப்போ சிலிக்கனும், பல சமயம் செம்பும் மக்னீசியமும் கொண்டது; தோய்த்து முதிரவிட்டால் கடினமடையும் தன்மை இதற்கு உண்டு. இம்மூன்றையும் ஒரே கொப்பரையில் இட்டு உருக்கினால், எந்தச் சிகிச்சைக்கும் நம்பிக்கையுடன் உட்படுத்த முடியாத கலவையே கிடைக்கும். கழற்றாமல் விட்ட இரும்புத் திருகாணிகள் கரைந்தால், ஊசி போன்ற படிகங்கள் உண்டாகி வார்ப்பு எளிதில் முறியும். உருக்கிய பின் எத்தனை குளிர் கொடுத்தாலும் இக்குறை நீங்காது. உருக்குமுன் தரம் பிரிக்கும் கைகளுக்குத்தான் அதைத் தடுக்கும் ஆற்றல் உண்டு.

தாமிரபரணிக் கரையின் சான்று

தாராவியில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கியவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. அவர்களுடைய தாயகத்தின் ஆற்றங்கரையிலேயே இப்பொருள் பற்றிய மிகப் பழைய சான்று கிடைத்திருக்கிறது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கிய ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழ்வுகளில், மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் வெளிப்பட்டன. அத்தகைய கலங்களைப் பின்னாளில் ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு இருப்பதையும், அவை செஞ்சூட்டில் அடித்து உருவாக்கப்பட்டு நீரில் தோய்க்கப்பட்டவை என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் மெல்ல ஆறினால், 586 டிகிரிக்குக் கீழே அதன் அமைப்பு சிதைந்து, கண்ணாடி போல் உடையும் ஒரு பொருள் அதில் உண்டாகிறது. கீழே விழுந்தால் கிண்ணம் நொறுங்கும். செஞ்சூட்டிலிருந்து உடனே தோய்த்தால் அப்பொருள் உண்டாக நேரமிராது. கலம் உறுதியாக நிற்கும். ஆக, எஃகைத் தோய்க்கும் கொல்லர் அதனால் எளிதில் முறியும் தன்மையை ஏற்றுக்கொண்டு கடினத்தைப் பெறுகிறார். அதே நீரில் வெண்கலத்தைத் தோய்த்த கன்னார் முறியும் தன்மையிலிருந்து அதைக் காப்பாற்றினார். செயல் ஒன்று, உலோகம் வேறு, பயன் நேர்மாறானது. உஷ்ணமானியும் நுண்நோக்கியும் இல்லாத காலத்திலேயே, எந்த உலோகத்திற்கு எது பொருந்தும் என்று அவர்கள் பிரித்தறிந்திருந்தனர்.

சொல்லால் வரும் குழப்பம்

இக்குழப்பத்தில் சொற்களுக்கும் பங்குண்டு. குளிர்நிலை வேலை என்று உலோகவியலார் கூறுவது, பனிக்கட்டியில் வைத்துச் செய்யும் வேலையைக் குறிப்பதன்று. உலோகம் தன் படிகங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் உஷ்ணநிலைக்குக் கீழே நடைபெறும் எந்த வேலையும் அவர்களுக்குக் குளிர்நிலை வேலையே. தகரக் கூரையின் கீழ் 38 டிகிரிப் புழுக்கத்தில் வியர்வை சொட்டப் பித்தளையை அடிப்பவரும் குளிர்நிலை வேலைதான் செய்கிறார். ஈயமோ சாதாரண உஷ்ணநிலையிலேயே படிகங்களைப் புதுப்பித்துக்கொள்வதால், அதைக் கையில் வைத்து அடிப்பது சூட்டுநிலை வேலையாகிறது. தோய்த்தல், குளிர்நிலையில் அடித்தல், கடுங்குளிரில் வைத்தல் ஆகிய மூன்றையும் குளிர்ச் சிகிச்சை என்ற ஒரே பெயரால் அழைக்கும் வரை, கேட்பவரும் சொல்பவரும் வெவ்வேறு பொருளைக் கருதிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாடநூல் எழுதுவோரும் துண்டறிக்கை தயாரிப்போரும் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களை வழங்குதல் வேண்டும். தோய்ச்சல் என்ற சொல் பட்டறையிலேயே வழக்கில் உள்ளது. அதைப் பாடநூலில் ஏற்றுக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை.

செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே மெய்ப்பித்துக் காட்டலாம். செம்புக் கம்பித் துண்டுகள் மூன்றைச் சுத்தியலால் நன்கு அடித்து விறைப்பாக்க வேண்டும். இரண்டைச் சிவக்கக் காய்ச்சி, ஒன்றை நீரிலும் மற்றொன்றைக் காற்றிலும் ஆறவிட்டால் இரண்டும் ஒரேவிதமாக வளையும். மூன்றாவதைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரவு வைத்தெடுத்தால் அது முன்போலவே விறைப்பாக இருக்கும்; கூடுதலாகவோ குறைவாகவோ மாறியிராது. பின்னர்த் தையல் ஊசிகள் இரண்டைச் சிவக்கக் காய்ச்சி, ஒன்றை நீரில் தோய்த்து, மற்றொன்றைச் சூடான சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். முன்னது ஒடியும்; பின்னது வளையும். இடுக்கியால் பிடித்தலும், ஒடியும் துண்டு தெறிக்காதவாறு துணியால் சுற்றிக் கண்ணுக்குக் காப்பிடுதலும் அவசியம். ஒரே தீயும் ஒரே நீரும் இரு உலோகங்களில் இருவேறு பயன் தருவதைக் கண்ணால் கண்ட மாணவன், அதைப் பின்னர் மறப்பதற்கில்லை.

களப் பணியாளர், குளிர்ச் சிகிச்சை பற்றிக் கருத்துக் கூறுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இவ்வுலோகத்தின் சேர்க்கை என்ன? இதற்கு முன் இது எவ்வளவு காய்ச்சப்பட்டு, எவ்வாறு ஆற்றப்பட்டது? வேண்டுவது கடினமா, உறுதியா, அளவு மாறாமையா? விடை அச்சு எஃகு என்றும், முறைப்படி தோய்த்தது என்றும், தேய்மானம் குறைய வேண்டும் என்றும் அமைந்தால், குளிர்ச் சிகிச்சை பரிசீலிக்கத்தக்கதே. பித்தளைத் தகட்டை வெட்டும் பட்டறையில் அதனால் பயனடையக்கூடியது, வெட்டப்படும் பித்தளையைவிட அதை வெட்டும் அச்சேயாகும். மற்றப் பெரும்பாலான சமயங்களில் அச்செலவு வீண்.

அபாயம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பெருகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சன்னலற்ற மாடி அறையில் அது பிராணவாயுவை வெளியேற்றி, அங்கிருப்போரை எச்சரிக்கையின்றி மயங்கச் செய்யும். ஏணி வைத்து ஏறும் மேல்தளப் பட்டறைகளில் இதைக் கையாளுதல் எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. இத்தகைய சிகிச்சை தேவைப்படின், உரிய வசதியுள்ள வெளி நிலையத்திற்குப் பொருளை அனுப்புவதே முறை.

பட்டறைகளின் நன்மைக்காகச் செலவிடக்கூடிய முதல் ரூபாய் எங்கே செல்ல வேண்டும் என்பதே இங்கு முடிவு செய்ய வேண்டிய பிரச்சினை. உலையின் உஷ்ணநிலையைக் காட்டும் பைரோமீட்டரும், பல பட்டறைகள் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க கடினமானியும், உலோகத்தின் சேர்க்கையைச் சில நிமிடங்களில் அறிவிக்கும் நிறமாலைச் சோதனை வசதியும் குளிர்த் தொட்டிக்கு முன்னதாக வர வேண்டியவை. தாராவிக்கு அண்மையில் மாதுங்காவில், 1887ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. பவாயில் 1958ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்கிவருகிறது. இத்தகைய நிலையங்களின் அறிவைச் சந்துகளிலுள்ள உலைகளுக்குக் கொண்டுசேர்ப்பதும், உலைக்காரர்களின் அனுபவத்தைக் கல்வி நிலையங்களுக்கு எடுத்துச்செல்வதும் களப் பணியாளரின் கடமைகளுள் தலையாயவை.

தீப்பொறியின் வடிவைப் பார்த்தே எஃகின் தன்மையைச் சொல்லும் சாணைக்காரர் இன்றும் உண்டு. கரி மிகுந்த எஃகின் பொறிகள் பல கிளைகளாகச் சிதறும். கரி குறைந்த இரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடும். எந்த உலோகம் என்று முதலில் கேட்டறிந்து, அதன் பின்னரே தீயையோ நீரையோ குளிரையோ நாடும் அவருடைய வழக்கமே விஞ்ஞானத்தின் வழக்கமும் ஆகும். அவ்வழக்கம் பள்ளியிலும் பட்டறையிலும் வேரூன்றுமாயின், விளம்பரங்களுக்கு மறுப்பு எழுத வேண்டிய அவசியமே நேராது.